'சும்மா' என்ற சொல்லும் பெண்களின் ஓய்வும்

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களிடையே மொழிக் களப்பணி செய்துவருகிறேன். தகவலாளரின் வயது, கல்வி, தொழில் ஆகியவற்றை முதலில் படிவத்தில் குறித்துக்கொள்வது வழக்கம். தொழில் என்னவென்று கேட்டதற்கு, அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, "சும்மாதாம்மா இருக்கேன்" என்றார். நானும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டேன். அன்றிரவு ஒலிப்பதிவை எழுத்தில் பெயர்க்கும்போதுதான் கவனித்தேன்: பேச்சின் பின்னணியில் காய் நறுக்கும் ஓசையும் குக்கர் விசிலும் குடத்தில் தண்ணீர் நிரம்பும் ஓசையும் இடைவிடாது கேட்டன.

சும்மா இருத்தல் துறவிக்கு மனம் அடங்கிய உயர்நிலை. பெண்ணுக்கோ அது வருமானமில்லா உழைப்பின் பெயர். உழைப்பே 'சும்மா' என்றாகிவிட்டால், மெய்யான ஓய்வை அவர் எந்தச் சொல்லால் கேட்பார்? "ஏற்கெனவே சும்மாதானே இருக்கிறாய்?" என்ற பதில் ஆயத்தமாக இருக்கிறது.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகின்றனர். ஆண்கள் 88 நிமிடங்கள். நம் 'சும்மா' ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நீள்கிறது.

படித்த பெண்களின் நிலை வேறு என்று எண்ண வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகள் பெண் ஆய்வாளர்களுக்கு இரண்டாண்டுக் கூடுதல் கால அவகாசமும், மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள்கள் வரை விடுப்பும் அளிக்கின்றன. வரவேற்கத்தக்க ஏற்பாடுதான். ஆனால் இளநிலை ஆய்வு உதவித்தொகை ஐந்தாண்டுகளோடு நின்றுவிடுகிறது. நீட்டிக்கப்பட்ட காலம் ஊதியமற்ற காலமே. மேலும், அந்த விடுப்பு பிறரைப் பேணுவதற்கானது, தன்னைப் பேணுவதற்கானதன்று. மகப்பேற்று விடுப்பு முடிந்து திரும்பிய தோழியிடம் துறையில் கேட்கப்பட்ட முதல் கேள்வி: "நல்ல ஓய்வா?" அவர் ஆறு மாதமாக ஓரிரவும் தொடர்ந்து உறங்கியிருக்கவில்லை.

ஓய்வு வசதி படைத்தோரின் ஆடம்பரம் என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. வசதி உள்ளவருக்கு மட்டுமே அது கிட்டுகிறது என்பது உண்மை. அதனாலேயே அதைத் தனிமனிதரின் நல்வாய்ப்புக்கு விட்டுவிடாமல் நிறுவனங்களின் விதியாக்கக் கேட்கிறேன். கூடுதல் அவகாசம் தரும் ஆண்டுகளுக்கு உதவித்தொகையும் தொடர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நெறியாளர் சந்திப்புகள் வேண்டாம். மெல்ல நடக்கும் ஆய்வைத் 'தாமதம்' என்று குறிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

என் பங்குக்குப் படிவத்தை மாற்றியிருக்கிறேன். தொழிலைக் கேட்பதற்குப் பதிலாக, "காலையில் எழுந்தது முதல் என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்கிறேன். அதன்பின், "எப்போது உட்கார்ந்தீர்கள்?" என்று கேட்கிறேன். சென்ற வாரம் ஒரு பெண்மணி நெடுநேரம் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"இப்பத்தான். உன்கூடப் பேசறப்ப."

அவருடைய ஒரே ஓய்வு என் ஆய்வுக்கான தரவாகியிருந்தது. அன்று பதிவுக் கருவியை அணைத்துவிட்டு, அவர் எழும்வரை உடன் அமர்ந்திருந்தேன்.