அரைப் பெயரும் முழுத் தெனாரியமும்

கத்தோலிக்கத் திருவழிபாட்டு ஒழுங்கில் மூன்றாண்டுகளுக்கு ஒரு முறை, செப்டெம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், மத்தேயு நற்செய்தியின் 20 ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமை அது. மற்றைய மூன்று நற்செய்திகளிலும் இது இல்லை.

2017 செப்டெம்பர் 24 ஆம் திகதி, மலையகத்துச் சிற்றாலயம் ஒன்றில் இவ்வாசகத்தைக் கேட்டேன். குருவானவர் நன்றாகவே மறையுரை ஆற்றினார். வாழ்வின் அந்திப் பொழுதில் மனந்திரும்புவோருக்கும் விண்ணரசில் இடமுண்டு என்பதே அவர் எடுத்துரைத்த பொருள். சிறு வயது முதல் நானும் அவ்வாறே கேட்டு வந்திருக்கிறேன்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது, கொழுந்து பறிக்கும் அம்மையார் ஒருவர் என்னிடம் சிரித்தபடி சொன்னார்: "அந்தத் தோட்டத்துத் தொரை அரைப் பேரு போடலீங்களே, ஐயா."

தோட்டத்து வழக்கை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் பிரட்டுக்குப் போய், மலையேறி, நாள் முழுவதும் கொழுந்து பறித்தாலும், நிர்ணயித்த கிலோவை எட்டினால்தான் செக்றோலில் ஒரு முழுப் 'பெயர்' விழும். அந்த அளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். 18 கிலோ என்பார்கள், 20 என்பார்கள். எட்டாதவருக்கு அரைப் பெயர், அதாவது அரை நாட் சம்பளம். வரட்சியில் செடி துளிர்க்காவிட்டாலும், கவனிப்பாரற்ற மலையில் புல் மண்டிக் கிடந்தாலும், குறைகிற நிறை பறிப்பவரின் கணக்கிலேயே குறைகிறது.

இப்போது உவமைக்கு வாருங்கள். வீட்டு உரிமையாளர் விடியலில் தொடங்கி ஐந்து முறை சந்தைவெளிக்குச் செல்கிறார். கடைசியாகச் சென்றபோது, ஏன் நாள் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எவரும் எங்களை வேலைக்கு அமர்த்தவில்லை என்பதே பதில். அவர்கள் சோம்பேறிகள் என்று நற்செய்தியாளர் எங்கும் எழுதவில்லை. முதியவரும் நோயாளியும் மெலிந்தவருமே அந்நேரம் வரை எஞ்சியிருப்பர் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு தெனாரியம் அக்காலத்தில் ஒரு நாட்கூலி. அதை அரையாக்கினால் அன்றிரவு அடுப்பும் அரைதான் எரியும். உரிமையாளர் அளந்தது வேலை நேரத்தை அன்று, வீட்டின் பசியை.

கூலியைப் பகிரும் மேற்பார்வையாளர் ஒருவரும் இக்கதையில் வருகிறார். நமது கங்காணியின் இடம் அது. பழைய தமிழ் வேதாகமத்தில் ஆயரைக் குறிக்கும் சொல் 'கண்காணி' என்பதை நினைத்தால் சற்றுச் சிரிப்பும் வருகிறது, சற்று அச்சமும் வருகிறது.

அந்த அம்மையாரின் சொல் என்னை உறுத்தியதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2016 ஒக்டோபரில் தோட்டக் கம்பனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்குமிடையே கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, 'தோட்டத் தொழிலாளருக்கு 730 ரூபா சம்பளம்' என்று தலைப்பிட்டவர்களில் நானும் ஒருவன். உண்மையில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா மட்டுமே. வரவுக் கொடுப்பனவு 60, விலைப் பங்குக் கொடுப்பனவு 30, உற்பத்தி ஊக்குவிப்பு 140 என்று கூட்டினால்தான் 730 வரும். கிலோவை எட்டாதவருக்கு அந்த 140 கிடையாது. குறித்த அளவு நாட்கள் வேலைக்கு வராதவருக்கு 60 உம் கிடையாது. இவ்விபரம் செய்தியின் ஆறாவது பந்தியில் இருந்தது. தலைப்பை மட்டும் வாசித்தவர்கள், "இவ்வளவு கொடுத்தும் போதாதாமா?" என்று கேட்டார்கள். விடியலில் வந்த வேலையாட்களின் அதே முணுமுணுப்பு. அவர்களுக்காவது வெயிலில் நின்ற உரிமை இருந்தது; கேட்டவர்களோ கொழும்பில் மின்விசிறியின் கீழ் தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர்கள்.

உவமை ஒரு சம்பளச் சட்டம் அன்று. அதை நானும் அறிவேன். உற்பத்திச் செலவு, ஏல விலை என்று கம்பனிகள் முன்வைக்கும் கணக்கு முழுவதும் பொய்யும் அன்று. ஆயினும் இந்தக் கதையை விண்ணகத்துக்கு மட்டும் உரியதாக ஒதுக்கிவிடவும் முடியவில்லை. ஜோன் ரஸ்கின் என்ற ஆங்கிலேயர் 1860 இல் தமது பொருளாதாரக் கட்டுரைகளுக்கு இவ்வுவமையிலிருந்தே தலைப்பெடுத்தார். அந்நூலை 1904 இல் தென்னாபிரிக்காவில் ரயில் பயணத்தில் வாசித்த காந்தி, தம் வாழ்வையே மாற்றிக்கொண்டார். பின்னர் அதனைக் குஜராத்தியில் சுருக்கி எழுதி 'சர்வோதயம்' என்று பெயரிட்டார். இந்து ஒருவருக்கு அந்தத் தோட்டம் மண்ணில் தெரிந்தது. ஞாயிறு தோறும் கேட்கும் நமக்குத்தான் அது மேகத்தில் தெரிகிறது.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானி வெளியாயிற்று. 2024 இல் அது 1350 ஆனது. 1000 ரூபாச் செய்தி வந்த அன்று, 'முழுப் பெயர் கிடைத்தால்' என்பதையும் தலைப்பில் சேர்க்கும்படி இளம் செய்தியாளர் ஒருவரிடம் சொன்னேன். தலைப்பு நீண்டுவிடும் என்றார்.

நீளட்டும் என்றேன்.