கதைக்காரரின் நாணயம்

கைமாற்று வாங்கியவர் திருப்பித் தராவிட்டால் நாலு பேரிடம் சொல்லி அங்கலாய்க்கிறோம். ஆனால், வாசகர்களே! மாதக் கணக்கில் நம் பொழுதை வாங்கிக்கொண்டு, 'கொலை செய்தது யார்?' என்று ஆவலையும் கிளப்பிவிட்டு, கடைசியில் கையை விரித்துவிடும் கதாசிரியரை என்ன செய்வது?

சென்ற மாதம் மூன்று புத்தகங்களைப் படித்தேன். படித்துக் காட்டினேன் என்பதே சரி. 88 வயதான என் தாயாருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தது. புதுக் கண்ணாடி வரும்வரை பொடி எழுத்துத் தெரியாது. "உனக்கு வாய் இருக்கிறதே, வாசியேன்!" என்று உத்தரவாயிற்று.

முதலாவது, அகதா கிறிஸ்டி 1926-இல் எழுதிய ரோஜர் ஆக்ராய்டு கொலைக் கதை. இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு கிராமத்து டாக்டர் கதை சொல்கிறார். காய்கறித் தோட்டம் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமென்று அங்கே வந்த பொய்ரோ துப்பறிகிறார். முடிவைச் சொல்லும் பாவத்தை நான் செய்யப் போவதில்லை. இந்தக் கதை வெளிவந்தபோது, 'இது ஏமாற்று வித்தை' என்று சிலர் சண்டைக்கே வந்தார்கள். மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தேன். சொல்ல வேண்டியது அத்தனையும் நம் கண்ணெதிரே இருக்கிறது. பார்க்காதது நம் குற்றம். அம்மணி நாணயஸ்தர்தான்.

இரண்டாவது, 1940-களில் ஆனந்த விகடனில் வந்த தேவனின் 'துப்பறியும் சாம்பு'. பாங்கு குமாஸ்தா சாம்பு அசட்டுத்தனமாக ஏதாவது செய்வார். திருடன் தானாக வந்து அகப்படுவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் வியந்து போவார். இதில் துப்பாவது, துலக்கலாவது! ஆனால் ஆசாமி அசடு என்று தேவன் ஆரம்பத்திலேயே நம்மிடம் ஒப்புக்கொண்டு விடுகிறாரே! அப்புறம் ஏமாற்றம் எங்கிருந்து வரும்? அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

மூன்றாவதில்தான் வந்தது வம்பு.

கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னைச் சொல்கிறேன். ஐந்து பாகங்கள்! கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் மாண்டு கிடக்கிறான். பழி வந்தியத்தேவன்மீது விழுகிறது. பெரிய பழுவேட்டரையரோ, குற்றம் தம்முடையதே என்கிறார். உண்மையில் யார் கொன்றது? ஆசிரியர் முடிவாகச் சொல்லவில்லை.

"இது என்ன நாணயம்?" என்று கேட்டேன். ஆசிரியர் பக்கமும் நியாயம் இருக்கிறது. உடையார்குடிக் கோயில் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாஸனையும் அவன் உடன்பிறந்தாரையும் சொல்லி, அவர்களுடைய நிலபுலன்கள் பறிபோனதைத் தெரிவிக்கிறது. வாளை வீசிய கை எது, ஏவிய வாய் எது என்பது அதில் இல்லை. சரித்திரம் சொல்லாததைத் தாம் சொல்ல வேண்டாம் என்று ஆசிரியர் விட்டிருக்கலாம். ஆனால் நந்தினியைப் படைத்து அந்த அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தியது சரித்திரமா? அவருடைய கற்பனையல்லவா? ஆகவே கடன் பாக்கி இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

அம்மா இதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை.

"ஏண்டி, ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டாயா? ரவிதாஸன் கத்தியால் குத்துகிற இடம் வரவில்லையே?"

"அப்படி ஓர் இடமே இல்லையே, அம்மா!"

விஷயம் பிறகுதான் வெளிவந்தது. 1953-இல் அம்மாவுக்குக் கல்யாணம். புக்ககத்தில் பத்திரிகை வாங்கும் வழக்கமில்லை. கதை பாதியில் நின்றுவிட்டதே என்று அழாத குறையாக இருந்தவளுக்குத் தங்கை உதவிக்கு வந்தாள். வாராவாரம் ஒரு தபால் கார்டு. அந்த வாரத்துக் கதை முழுவதும் நுணுக்கி எழுதியிருக்குமாம். அப்புறம் வீடு, பிள்ளை, அடுப்பு. 'கதைதான் தெரியுமே' என்று அம்மா புத்தகத்தைத் தொடவேயில்லை. சினிமாவாக வந்தபோதும் போகவில்லை.

ரவிதாஸன் குத்தினான் என்று எழுதியது சித்தி! அக்கா தனியே உட்கார்ந்து மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாமென்று எண்ணினாளோ என்னவோ, வழக்கைத் தானே தீர்த்து வைத்துவிட்டாள். சித்தி காலமாகிப் பத்து வருஷமாகிறது. இனி யாரைக் கேட்பது?

"எழுபது வருஷமாக என்னை ஏமாற்றியிருக்கிறாளே!" என்று அம்மா சிரித்தாள். சொட்டு மருந்து விட்ட கண். துடைக்கக்கூடாதென்று நான் கையைப் பிடித்துக் கொண்டேன்.

"கல்கி, சித்தி இரண்டு பேரில் நாணயஸ்தர் யார், சொல்லு" என்றேன்.

அம்மா சற்று யோசித்தாள்.

"பாவம், ஒரு கார்டில் எவ்வளவுதான் எழுத முடியும்? நீ முதல் பாகத்தை எடு. இந்தத் தடவை நானே கண்டுபிடிக்கிறேன்."