லிஃப்ட் கிட்டுக்கு முன்னால் பிரீதரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

மலைப்பாதை ஜீப்புகள் பற்றிய கட்டுரையில் பெரிய டயர், லிஃப்ட் கிட் என்று ஆசை காட்டியிருந்தீர்கள். ஓடையில் இறங்கும் வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது டிஃபரன்ஷியல் ஹவுசிங்கின் காற்றுத் துவாரமான பிரீதரை. ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் முங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியே தண்ணீரை இழுத்துவிடும். டிரெயின் பிளக்கைக் கழற்றினால் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் வழியும். அப்படியே ஓட்டினால் பேரிங், கிரவுன் பினியன் எல்லாம் காலி. பிரீதரில் ரப்பர் ஹோஸ் மாட்டி பானெட் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்; செலவு சொற்பம்தான்.

லிஃப்ட் கிட் போட்டு வண்டியை உயர்த்தினாலோ புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி யூ-ஜாயின்ட் சீக்கிரம் தேயும். போதாக்குறைக்கு, வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வேறு. கிட் விற்பவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார், நீங்களாவது எழுதியிருக்கலாம்.

- ஜீப் மெக்கானிக் ஒருவர், போடிநாயக்கனூர்