பல் வைத்தியக் கல்வி: ஆய்வுகள் எழுப்பத் தவறும் கேள்விகள்

வாய்ச் சுகாதாரம் தொடர்பாக உலக சுகாதார சபை 2021ஆம் ஆண்டு மே மாதம் நிறைவேற்றிய தீர்மானத்தை முன்மொழிந்த நாடு இலங்கையாகும். பல்லைப் பிடுங்குவதிலும் அடைப்பதிலும் தங்கியிருக்கும் போக்கிலிருந்து விலகி, நோய்த் தடுப்பை முதன்மைப்படுத்த வேண்டுமென அத்தீர்மானம் வலியுறுத்தியது. உலகில் சுமார் 350 கோடி மக்கள் வாய் நோய்களால் பாதிக்கப்பட்டுள்ளதாகவும், அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் நடுத்தர வருமான நாடுகளில் வாழ்வதாகவும் உலக சுகாதார ஸ்தாபனம் 2022 நவம்பரில் அறிக்கையிட்டது.

இந்நிலையை மாற்றவேண்டிய பொறுப்பு பெருமளவுக்குப் பல் வைத்தியர்களையே சாரும். எனவே, அவர்களுக்குக் கற்பிக்கும் முறை பற்றிய ஆய்வுகள் பொதுமக்களோடு தொடர்பற்றவை எனக் கருதுவதற்கில்லை. இத்துறைக்கென அமெரிக்காவில் 1936 முதலும் ஐரோப்பாவில் 1997 முதலும் தனியான சஞ்சிகைகள் வெளிவருகின்றன. மாணவரின் மனஅழுத்தம், பாடத்திட்டம் பற்றிய அவர்களது கருத்து, பரீட்சை முறை, செயற்கைத் தலை மாதிரிகளில் பெறும் பயிற்சி என்பன இவற்றில் தொடர்ந்து இடம்பெறும் விடயங்களாகும். 2020இல் கொவிட் பெருந்தொற்று பரவிய பின்னர் இணையவழிக் கல்வியும் அண்மைக்காலமாகச் செயற்கை நுண்ணறிவும் இப்பட்டியலில் சேர்ந்துள்ளன.

எனினும், இவ்வாய்வுகளில் கணிசமானவை ஒரேயொரு கல்வி நிறுவனத்தில், ஒரேயொரு தடவை, வினாக்கொத்து மூலம் நடத்தப்படுபவை. மாணவர் திருப்தியடைந்தாரா என்பதை அவை அறிந்து கூறுகின்றன. பட்டம் பெற்று ஐந்து, பத்து ஆண்டுகளின் பின்னர் அவர் எங்கே பணிபுரிகிறார், அவரிடம் வரும் நோயாளி குணமடைகிறாரா என்பவற்றைத் தேடிச்செல்லும் ஆய்வுகள் மிகக் குறைவு. இது பெரும் இடைவெளி என்பதை மறுப்பதற்கில்லை.

எமது நாட்டின் அனுபவம் இதனை மேலும் தெளிவுபடுத்தும். ஹரால்ட் லோ தலைமையிலான ஆய்வாளர்கள் 1970ஆம் ஆண்டு தொடக்கம் 15 ஆண்டுகளாக, மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பணிபுரிந்த 480 ஆண் தொழிலாளரின் முரசு நோயைப் பதிவுசெய்தனர். பல் வைத்திய வசதி எட்டாதிருந்த அம்மக்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு நோய் விரைவாகவும், 81 சதவீதத்தினருக்கு மிதமாகவும் முற்றியதையும், 11 சதவீதத்தினருக்கு அது முன்னேறாதிருந்ததையும் 1986இல் அவர்கள் வெளியிட்டனர். உலகெங்கும் பல் வைத்திய மாணவர்கள் இதனை இன்றும் படிக்கின்றனர். எமது தோட்டத் தொழிலாளரின் வாய் உலகுக்குப் பாடமாயிற்று. அப்பாடத்தின் பயன் அத்தோட்டங்களின் லயன்களுக்கு எவ்வளவு தூரம் திரும்பி வந்தது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வியாகும்.

ஆய்வு மக்களிடம் திரும்பிவர முடியும் என்பதற்கும் இலங்கையிலேயே உதாரணம் உண்டு. கிராம மட்டச் சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்து, வாய்ப்புற்றுநோயையும் அதன் முன்னறிகுறிகளையும் நேரகாலத்தோடு கண்டறியலாம் என்பதை 1984இல் வெளியான இலங்கை ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. எமது ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வகைகளுள் வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் தோட்டப்புறங்களிலும் கிராமங்களிலும் இன்னமும் நீடிக்கிறது.

1943இல் கொழும்பில் ஆரம்பித்த பல் வைத்தியக் கல்வி 1950களில் பேராதனைக்கு இடம்மாறியது. நீண்டகாலமாகப் பேராதனைப் பல்கலைக்கழகமே நாட்டின் பல் வைத்தியர்களை உருவாக்கி வந்துள்ளது. அங்கு கல்வி ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. நோயாளியோ தனது வலியைத் தமிழிலோ சிங்களத்திலோ சொல்கிறார். புகையிலையைக் கைவிடுமாறு கூறும் ஆலோசனை அவருக்குப் புரியும் மொழியில் சென்றடையாவிட்டால் தடுப்பு என்பது வெறும் சொல்லாகவே எஞ்சும். தமிழ் பேசும் மக்களுக்குச் சேவையாற்றச் செல்லும் இளம் வைத்தியர் அதற்கு எவ்வளவு தயார்படுத்தப்படுகிறார் என்பது முறையான ஆய்வுக்குரிய விடயமாகும்.

ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை பல்கலைக்கழகத்தின் தரவரிசையை உயர்த்தக்கூடும். ஆனால் வாயில் ஆறாத புண்ணோடு மாதக்கணக்கில் காத்திருக்கும் தொழிலாளிக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. தடுப்புக்கே முதலிடம் என உலகுக்கு எடுத்துரைத்த நாடு, தனது பட்டதாரிகளை அதற்கேற்பப் பயிற்றுவிக்கிறதா என்பதையும் ஆராய்ந்தறிய வேண்டும். சுகாதார அமைச்சும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் இத்தகைய ஆய்வுகளுக்கு முன்னுரிமை வழங்க வேண்டுமென வலியுறுத்த விரும்புகின்றோம்.