கூண்டுக் கிளிக்கு எந்தத் தண்ணீர்? பெரியாற்றுக் குழாய், போர், கேன்... தேனியில் எதை ஊற்றுவது?

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் பல வீடுகளில் மூன்று விதத் தண்ணீர் இருக்கும். குழாயில் வரும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், போர் தண்ணீர், காசு கொடுத்து வாங்கும் 20 லிட்டர் கேன். குடிக்க ஒன்று, சமைக்க ஒன்று, துவைக்க ஒன்று என்று மனிதர்கள் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். வராண்டாவில் தொங்கும் கூண்டுக் கிளிக்கு மட்டும் அந்த நேரத்தில் கைக்கு எது எட்டுகிறதோ அதுதான்.

கோடை வந்ததும் செல்லப்பறவை வளர்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தண்ணி நல்லது, ஆர்.ஓ.வா, கொதிக்க வைத்ததா?" என்பதுதான். அதற்குப் பதில் சுலபம். ஆனா, கிளிகளுக்குத் தண்ணீரால் வரும் சிக்கல் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது: தண்ணீர் ஊற்றும் கிண்ணத்தில். இன்னும் ஒரு படி மேலே போனால், கூண்டுக்குள் இருப்பது என்ன கிளி என்பதில்.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். சின்ன, நடுத்தரக் கிளிகள் ஒரு நாளைக்குத் தங்கள் உடல் எடையில் சுமார் 5 சதவீதம் தண்ணீர் குடிக்கும். நம் ஊர்ப் பச்சைக்கிளியின் எடை ஏறக்குறைய 120 கிராம். கணக்குப் போட்டால் 6 மி.லி., அதாவது ஒரு டீஸ்பூனை விடக் கொஞ்சம் அதிகம். கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் பட்ஜிக்கு 2 மி.லி.கூட ஆகாது. வெயில் ஏறினால் கூடும். கொய்யா, வெள்ளரி மாதிரி நீர்ச்சத்து உள்ளதைத் தின்றால் குறையும். நாலு கிளி வளர்த்தாலும் ஒரு டம்ளரில் அடங்கிவிடும் கணக்கு இது. எனவே நல்ல தண்ணீர் கொடுப்பதில் செலவு ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் உடம்பு இவ்வளவு சிறியது என்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. மனிதனுக்கு ஒன்றும் செய்யாத சிறு அளவு உலோகமோ கிருமியோ 120 கிராம் உடம்பைப் படுக்க வைத்துவிடும்.

பெரியாறா, போரா, கேனா?

1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், சுரங்கம் வழியாக மலையைக் கடந்து லோயர்கேம்ப்புக்கு இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், வீரபாண்டி என்று ஓடி வைகையில் கலக்கிறது. மதுரை நகரத்துக்கே லோயர்கேம்ப்பிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுபோகும் அளவுக்கு மதிப்புள்ள தண்ணீர். மேலே அது தெளிவாக இருக்கும். கீழே வர வர, கரையோர ஊர்களின் கழிவுநீரும் வயல் வடிகாலும் சேர்ந்துகொள்ளும். அதனால், ஆற்றிலோ வாய்க்காலிலோ நேரடியாக மொண்ட தண்ணீர் கூண்டுக்கு வேண்டாம். குறிப்பாக திராட்சைத் தோட்டத்து வாய்க்கால். பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான். ஆனா, திராட்சைக் கொடிக்கு அடிக்கும் மயில்துத்தக் கலவை உள்ளிட்ட மருந்துகள் மழைக்கும் பாசனத்துக்கும் கரைந்து எங்கோ வடியத்தானே செய்யும்?

குளோரின் போட்டு விநியோகிக்கப்படும் குழாய்த் தண்ணீர், வீட்டில் நீங்கள் குடிக்கத் தயங்காத தண்ணீர் என்றால், கிளிக்கும் போதும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. இந்த அளவு பறவைக்குக் கெடுதல் இல்லை. மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய மறுநாள் மாதிரி பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக அடித்தால், வாயகன்ற பாத்திரத்தில் சில மணி நேரம் திறந்து வைத்தால் வாடை போய்விடும். இதுல ஒரு நுணுக்கம் உண்டு. வாடையோடு பாதுகாப்பும் போய்விடும். சில நாளுக்கு ஒருமுறை வரும் தண்ணீரைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்கும் வீடுகளில், மூன்றாம் நாள் அந்தத் தண்ணீரில் கிருமியைத் தடுக்க ஏறக்குறைய எதுவும் மிச்சம் இருக்காது. அதைக் கொதிக்க வைத்து, ஆற வைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

போர் தண்ணீர் விஷயத்தில் கொதிக்க வைப்பது முழுத் தீர்வல்ல. கிருமி சாகும், உப்பும் நைட்ரேட்டும் அப்படியே இருக்கும், நீர் ஆவியாவதால் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகும். உரம் அதிகம் போடும் விவசாயப் பகுதிகளில் நைட்ரேட் நிலத்தடி நீரில் இறங்குவது உலகம் முழுக்கப் பார்த்த கதை. தரநிலைப்படி நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி.யைத் தாண்டக் கூடாது, டி.டி.எஸ். 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. டி.டி.எஸ். மீட்டர் உப்பை மட்டுமே காட்டும், கிருமியைக் காட்டாது. சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சிறு கட்டணத்தில் சோதித்துக்கொள்ளலாம். அந்தச் சோதனை வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கும் சேர்த்துத்தான்.

கேன் தண்ணீரும், ஆர்.ஓ. தண்ணீரும் கொடுக்கலாம். ஆனா கேன் என்றாலே சுத்தம் என்று அர்த்தமில்லை. 2024 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாட்டில், கேன் குடிநீரை 'அதிக ஆபத்துள்ள உணவு' பிரிவில் சேர்த்து, ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம் என்றது. வெயிலில் கிடந்த கேன், கழுவாத டிஸ்பென்சர் இரண்டும் நல்ல தண்ணீரையும் கெடுக்கும்.

உண்மையான வில்லன் கிண்ணம்

கிளி, பூனை மாதிரி சுத்தக்காரப் பிராணி அல்ல. வாயில் இருக்கும் தீனியோடு வந்து தண்ணீரில் முக்கும். கம்புக்கு நேர் கீழே கிண்ணம் இருந்தால் எச்சம் அதிலேயே விழும். குளிக்கவும் அதே கிண்ணம்தான். காலையில் ஊற்றிய ஆர்.ஓ. தண்ணீர், தேனி வெயிலில் மதியத்துக்குள் நீர்த்த சூப் ஆகியிருக்கும். மேலே தெளிவாகத் தெரியும். கிண்ணத்தின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தால் வழுவழுவென்று ஒரு படலம் தட்டுப்படும். அது பாக்டீரியாக்கள் கூடுகட்டிய படலம். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றுவதால் அது போகாது. தேய்த்தால்தான் போகும்.

ஆகவே செய்ய வேண்டிய வேலை அலுப்பானது: காலையும் மாலையும் தண்ணீர் மாற்ற வேண்டும், தினமும் ஒருமுறை சோப்புப் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, வெயிலில் காய வைக்க வேண்டும். இரண்டு கிண்ணம் வைத்திருந்தால் ஒன்று காயும்போது இன்னொன்று கூண்டில் இருக்கும். கம்புக்குக் கீழே வைக்காமல், பக்கவாட்டில், கிளி உட்காரும் உயரத்தில் மாட்டுங்கள். உருண்டை அடைப்பு உள்ள பாட்டில் வாங்கியிருந்தால் எச்சம் விழாது, நல்லதுதான். ஆனால் அந்த உருண்டை சிக்கிக்கொண்டால் பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தும் கிளி தாகத்தில் கிடக்கும். தினமும் விரலால் தட்டிச் சொட்டு வருகிறதா பாருங்கள்.

கிண்ணம் எதில் செய்தது என்பதும் முக்கியம். எவர்சில்வர்தான் முதல் தேர்வு. பீங்கானும் சரி. மண் சட்டி குளிர்ச்சியாக இருக்கும், ஆனா அதன் நுண்துளைகளில் அழுக்கு தங்கும், முழுசாகக் கழுவ முடியாது. தகரக் கிண்ணமும், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பிக் கூண்டும்தான் பயப்பட வேண்டியவை. கிளிக்கு அலகு சும்மா இருக்காது. பூச்சை உரித்து விழுங்கும். துத்தநாகம் உடம்பில் ஏறும். சோர்வு, வாந்தி, அளவுக்கு மீறிய தாகம், தண்ணீராக எச்சம், முற்றினால் வலிப்பு. பழைய கூண்டுகளில் ஈயப் பற்றவைப்பு இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். "நேத்துல இருந்து ரொம்பத் தண்ணி குடிக்குது" என்று ஒரு கிளியைப் பற்றிச் சொன்னால், வெயில் என்று விட்டுவிடாமல் கூண்டின் கம்பியையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

வைட்டமின் சொட்டு, மஞ்சள், ஆப்பிள் சைடர் வினிகர் என்று யூடியூப் சொல்வதையெல்லாம் தண்ணீரில் கலக்க வேண்டாம். சுவை மாறினால் கிளி குடிப்பதைக் குறைக்கும், சத்து கலந்த தண்ணீரில் கிருமி இன்னும் வேகமாகப் பெருகும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தவிர, வெறும் தண்ணீரே போதும்.

சரி, டாக்டரிடம் போகலாமா?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. பறவைகள் நோயை மறைக்கும் இயல்பு கொண்டவை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டது என்றால் ஏற்கெனவே தாமதம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். தேனியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனா கூண்டில் இருப்பது பச்சைக்கிளி என்றால், வெளியே எடுத்துப் போகவே வீட்டில் பயம். காரணம், சட்டம்.

செந்தார்ப் பைங்கிளி எனப்படும் நம் பச்சைக்கிளி உட்பட இந்தியாவின் இயல் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முன்பு நான்காம் அட்டவணையில் இருந்த பச்சைக்கிளியை 2022-ல் வந்த திருத்தம் இரண்டாம் அட்டவணைக்கு உயர்த்தியது; 2023 ஏப்ரல் 1 முதல் அமல். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டம் அல்ல. 2023 பிப்ரவரியில் மறைந்த நடிகர் ரோபோ சங்கரின் வீட்டிலிருந்து இரண்டு அலெக்சாண்ட்ரின் கிளிகளை வனத்துறை எடுத்துச் சென்று அபராதமும் விதித்தது. 2024 மக்களவைத் தேர்தல் பிரச்சாரத்தில் கடலூர் பா.ம.க. வேட்பாளர் தங்கர் பச்சானுக்கு வெற்றி என்று சீட்டு எடுத்த ஜோசியக் கிளியின் கதையும் நினைவிருக்கும். மறுநாள் பேச்செல்லாம் கிளியை வனத்துறை பறிமுதல் செய்தது பற்றித்தான்.

பட்ஜி, காக்டெய்ல், பீச் நிற முகம் கொண்ட ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் வளர்க்கத் தடையில்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்ற சர்வதேசப் பட்டியல் பறவைகள் என்றால், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பச்சைக்கிளி அந்தச் சர்வதேசப் பட்டியலில் இல்லை என்பதைக் காட்டி "அப்போ வளர்க்கலாம்" என்று சில கடைக்காரர்கள் சொல்வதுண்டு. அது தவறு. தடுப்பது நம் நாட்டுச் சட்டம்.

சட்டத்தின் நோக்கம் சரியானது. கூண்டில் இருக்கும் ஒவ்வொரு பச்சைக்கிளியும் ஏதோ ஒரு மரப்பொந்திலிருந்து குஞ்சாகத் திருடப்பட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனா பயத்தின் பக்கவிளைவு வீட்டுக்குள் நடக்கிறது: கிளிக்கு உடம்பு சரியில்லை என்று யாரிடமும் சொல்வதில்லை. அது மனிதருக்கும் ஆபத்து. கிளிகளிடமிருந்து பரவும் 'சிட்டகோசிஸ்' என்ற பாக்டீரியா தொற்று, காய்ந்த எச்சத்தின் தூசி வழியாக நுரையீரலுக்குப் போகும். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல். ஆன்டிபயாட்டிக்கில் குணமாகக்கூடியதுதான், ஆனால் மருத்துவருக்கு அந்தச் சந்தேகம் வர வேண்டும். 2023-லும் 2024 தொடக்கத்திலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் இந்தத் தொற்று வழக்கத்தை மீறிப் பரவி ஐந்து பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. இருமலோடு மருத்துவமனைக்குப் போகும்போது "வீட்டுல கிளி இருக்கு டாக்டர்" என்ற ஒரு வரியை மறைக்கக் கூடாது. கூண்டைக் கூட்டும் முன் தண்ணீர் தெளித்து எச்சத்தை நனைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே பச்சைக்கிளி இருந்தால் என்ன செய்வது? மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிடுவது கருணை மாதிரி தெரியும். கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடவும், பருந்துக்குத் தப்பவும் தெரியாது. இறகு வெட்டியிருந்தால் பறக்கவே முடியாது. வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைப்பதுதான் வழி. அதுவரை நல்ல தண்ணீரும் நிழலும் கொடுப்பது வைத்திருப்பவரின் பொறுப்பு.

கிளி பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசைக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் கூண்டு தேவையும் இல்லை. திராட்சைப் பந்தலுக்கு வலை போட்டு விவசாயிகள் விரட்டும் அளவுக்குக் கிளிகள் உண்டு. மாடியில் நிழலான இடத்தில், இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வையுங்கள். நடுவில் ஒரு கல், உட்கார. இந்தத் தட்டுக்கும் அதே விதிகள்தான்: தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும், கொசு முட்டையிட விடக் கூடாது. வீட்டில் பட்ஜியோ கோழியோ இருந்தால் இந்தத் தட்டு அவற்றின் கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. 2021 ஜனவரியிலும் 2024 ஏப்ரலிலும் நடந்ததுபோல், ஆலப்புழையில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்து, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு சோதனைச் சாவடிகளில் வண்டிகளுக்கு மருந்து அடிக்கத் தொடங்கினால், தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.