நீண்ட கல்லிரவில் ஒரு மொழி

1935 ஆம் ஆண்டின் இறுதியில், ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ள கலீசியாவில் ஒரு சிறு கவிதை நூல் அச்சேறியது. அதில் இருந்தவை ஆறே கவிதைகள். அவற்றை இயற்றியவர் ஃபெடரிகோ கார்சியா லோர்கா. தெற்கே அந்தலூசியாவில் பிறந்து, ஸ்பானிய மொழியில் புகழ்பெற்ற அக்கவிஞர், கலீசிய மொழிமீது கொண்ட ஈடுபாட்டால் அம்மொழியிலேயே அவற்றைப் படைத்தார். நூலை வெளியிட்டவர் 'நோஸ்' பதிப்பகத்தின் ஆன்ஷெல் கசால். ஓராண்டுகூட நிறையவில்லை. 1936 ஆகஸ்டில் கவிஞர் கிரனாதாவின் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதத்தில், சாந்தியாகோ நகரின் மேயராகவும் விளங்கிய அப்பதிப்பாளரும் கொல்லப்பட்டார்.

கலீசியம், போர்த்துக்கீசிய மொழியின் உடன்பிறப்பு. இடைக்கால அரசவைகளில் பாடப்பெற்ற அம்மொழி, பின்னர் மூன்று நூற்றாண்டுகள் ஏட்டில் ஏறாமல் உழவர், மீனவர் நாவில் வாழ்ந்தது. 1863 இல் ரொசாலியா தெ காஸ்ட்ரோ வெளியிட்ட 'கலீசியப் பாடல்கள்' என்னும் நூல் அதற்கு மறுவாழ்வு தந்தது. 1936 ஜூன் 28 அன்று தன்னாட்சிச் சட்டத்திற்குக் கலீசிய மக்கள் வாக்களித்தனர். மூன்று வாரங்களுக்குள் படைத்தலைவர்களின் கிளர்ச்சி மூண்டது. சில நாள்களில் கலீசியா அவர்கள் வசமாயிற்று. அதன்பின் அங்குப் போர்முனையே இல்லை. எனினும் ஆசிரியர்களும் தொழிலாளர் தலைவர்களும் எழுத்தாளர்களும் கொல்லப்பட்டனர். சர்வாதிகாரி பிரான்கோ பிறந்த ஊரும் கலீசியாவின் ஃபெர்ரோல்தான்.

1939 இல் போர் ஓய்ந்தது. சர்வாதிகாரம் 1975 வரை நீடித்தது. அக்கால எழுத்தாளர்கள் தணிக்கையால் துன்புற்றனர் என்று ஒரே தொடரில் கூறிக் கடந்துவிடுவோர் உண்டு. அக்கூற்று போதாது என்பது என் கருத்து. ஸ்பானிய மொழியில் எழுதியோர் எதை எழுதுவது என்னும் உரிமையை இழந்தனர். கலீசியத்தில் எழுதியோரோ எம்மொழியில் எழுதுவது என்னும் உரிமையையும் சேர்த்து இழந்தனர். கமிலோ ஹோசே செலாவின் 'தேன்கூடு' புதினம் தணிக்கையால் தடைப்பட்டு, 1951 இல் அர்ஜென்டினாவின் புவேனஸ் ஐரிஸ் நகரில் வெளிவந்தது. (செலாவே சில காலம் தணிக்கை அலுவலராக இருந்தவர்!) ஆயினும் அவர் எழுதிய மொழி பள்ளியிலும் நீதிமன்றத்திலும் கோலோச்சியது. கலீசியத்திற்கு அவ்விடங்களில் இடமில்லை. நாட்டுப்பாடலுக்கும் திருவிழாவிற்கும் உரிய பேச்சாக அது ஒதுங்கியிருந்தால் ஆட்சியாளருக்குக் கவலையில்லை.

நாட்டைத் துறந்தோர் கடல் கடந்தும் எழுதினர். அவர்களுள் முதன்மையானவர் மருத்துவரும் ஓவியருமான கஸ்தெலாவோ. 1937 இல் வெளிவந்த அவருடைய ஓவியத் தொகுப்பில் ஒரு படம்: கொல்லப்பட்டுத் தரையில் கிடக்கும் ஓர் ஆசிரியர், அருகே அழுது நிற்கும் இரு சிறுவர். 'ஆசிரியரின் கடைசிப் பாடம்' என்பது அதன் தலைப்பு. 1944 இல் அவர்தம் அரசியல் நூலான 'என்றும் கலீசியாவில்' புவேனஸ் ஐரிஸில் வெளியாயிற்று. 1950 இல் அந்நகரிலேயே அவர் மறைந்தார்.

அவர் மறைந்த அதே ஆண்டில், வீகோ நகரைக் களமாகக் கொண்டு 'கலாக்சியா' பதிப்பகம் தோன்றியது. அதனை வழிநடத்தியோருள் ஒருவரான ரமோன் பிஞெய்ரோ, அரசியல் செயல்பாட்டிற்காகச் சிறையிலிருந்து மீண்டவர். பண்பாட்டுப் பணிக்குள் ஒதுங்கி அரசியலைக் கைவிட்டனர் என்று புலம்பெயர்ந்தோர் சிலர் இவர்களைக் குறை கூறினர். அக்குறையை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. 1955 இல் கலாக்சியா வெளியிட்ட அல்வாரோ குன்கெய்ரோவின் 'மெர்லினும் குடும்பமும்' மாயாவியின் கதை. அதனை எழுதியவரோ முன்னர் ஆட்சியாளர் அணியில் நின்றவர். மறுஆண்டு, மார்ட்டின் ஹைடெக்கரின் மெய்யியல் நூலொன்றைக் கலீசியத்தில் பெயர்த்து வெளியிட்டனர். ஹைடெக்கர் நாசிக் கட்சியில் சேர்ந்தவர் என்பது வேறு செய்தி. உழவர் பேச்சு என்று இகழப்பட்ட மொழி, உண்மையின் இயல்பை ஆராயும் நூலைத் தாங்கியது. இதனினும் கூரிய மறுப்பை முழக்கங்களால் கூறியிருக்க முடியுமா?

முழக்கமும் வேண்டாததன்று. 1962 இல் செல்சோ எமிலியோ ஃபெரெய்ரோவின் 'நீண்ட கல்லிரவு' வந்தது. அத்தலைப்பையே கலீசியர் பிரான்கோ காலத்திற்குப் பெயராகச் சூட்டிவிட்டனர். அக்கவிதைகளை வாங்கிப் படிக்க ஆயத்தமான வாசகர்கள் ஒரே இரவில் முளைத்தவர்களல்லர். பத்தாண்டுகளுக்கும் மேலாக அச்சிடப்பட்ட சிறு நூல்கள் அவர்களை வளர்த்திருந்தன. ஆயினும் உள்நாட்டில் எல்லாவற்றையும் அச்சிட்டுவிட முடியவில்லை. எதுவார்தோ பிளாங்கோ அமோரின் புதினமான 'அ எஸ்மோர்கா' 1959 இல் புவேனஸ் ஐரிஸில்தான் வெளிவந்தது.

ரொசாலியாவின் நூலுக்கு நூறாண்டு நிறைந்ததையொட்டி, 1963 மே 17 அன்று 'கலீசிய இலக்கிய நாள்' முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. அன்று கலீசியச் சிறுவர் பயின்ற பள்ளிகளில் அம்மொழி பாடமாக இல்லை. பிரான்கோ மறைந்த பின்னரே அது முறையாக வகுப்பறைக்குள் நுழைந்தது.