இரும்பில் செய்த மாற்றம் காகிதத்திலும் இருக்கட்டும்



கண்டியில் தொடங்கும் ஏ9 வீதி எங்கள் மஹய்யாவ ஊடாகத்தான் கட்டுகஸ்தோட்டை, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா என்று யாழ்ப்பாணம் வரை போகிறது. இடம்பெயர்ந்து இங்கு வந்து சேர்ந்த எனக்கு, வாசலில் ஓடும் இந்த வீதியின் மறுமுனையில் எங்கள் ஊர் இருக்கிறது என்பதில் ஓர் ஆறுதல்.

அந்த மறுமுனையில், 1990இன் பின் பெற்றோல் தடைப்பட்ட காலத்தை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் இலகுவாக ஆவியாகாது. ஆகையால் கார்பரேட்டருக்குச் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கக்கியபடி அந்தக் கார்கள் பிள்ளைத்தாய்ச்சிகளையும் காயப்பட்டவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. எஞ்சின் பழுதாகும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு என்று தெரிந்தே செய்தோம். வேறு வழி இருக்கவில்லை.

வாகனத்தை எங்கள் தேவைக்கு ஏற்ப மாற்றுவது எமக்குப் புதிதல்ல. ஆனால் இன்று அந்த மாற்றத்துக்குச் சட்டமும் உண்டு, காப்புறுதியும் உண்டு. அதை அறியாததால் ஒரு சகோதரி பட்ட பாட்டைக் கேளுங்கள்.

அவர் எனது அயலவர். கணவரை இழந்தவர். கையிலிருந்த நகையை விற்று, பழைய முச்சக்கரவண்டி ஒன்றை வாங்கி, பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி மூன்று பிள்ளைகளை வளர்த்தார். ஒருநாள் மழையில், இறக்கத்தில் வண்டி சறுக்கி மதிலில் மோதியது. நல்லவேளை, வண்டியில் பிள்ளைகள் இல்லை. இழப்பீடு கேட்டபோதுதான் விடயம் வெளிவந்தது. வண்டியில் இருந்த எஞ்சினின் இலக்கம் வேறு, பதிவுச் சான்றிதழில் இருந்த இலக்கம் வேறு. முன்னைய சொந்தக்காரர் எஞ்சினை மாற்றிவிட்டுப் பதிவைத் திருத்தாமல் விற்றிருக்கிறார். விளக்கம், கடிதம், அலைச்சல் என்று நான்கு மாதம் வண்டி கராஜில் கிடந்தது. ஏற்றி வந்த பிள்ளைகள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். அவர் செய்த ஒரே பிழை, வாங்கும்போது இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்காததுதான்.

ஆகவே சகோதரிகளே, பழைய வண்டி வாங்கும் முன் பதிவுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சின் இலக்கம், செசி இலக்கம், நிறம், எரிபொருள் வகை, ஆசன எண்ணிக்கை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும், விற்பவர் அதைத் திருத்தித் தரும்வரை பணம் கொடுக்க வேண்டாம். வண்டி உங்களுடையதானால், பதிவில் உள்ள எதையாவது மாற்றும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள். மாற்றிய பின் பதிவைத் திருத்துங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்து ஒரு பிரதியை வைத்திருங்கள். பெற்றோல் முச்சக்கரவண்டியை மின்சாரத்துக்கு மாற்றித் தருவதாக யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது பதிவில் ஏறுமா?" என்பதே.

மேலதிகமாகப் பொருத்தும் சாமான்களிலும் கவனம் வேண்டும். 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் இருந்த அனுமதியற்ற உதிரிகளைக் கழற்றும் நடவடிக்கையைப் பொலிசார் தொடங்கினார்கள். சங்கங்கள் எதிர்த்தன, பின்னர் கால அவகாசம் கொடுக்கப்பட்டது. வாங்கிப் பூட்டவும் காசு, கழற்றவும் காசு. ஏழைச் சாரதிக்கு இரட்டை நட்டம்.

சட்டத்தை விடுங்கள், உயிரைப் பாருங்கள். முச்சக்கரவண்டிக்கு முன்னால் ஒரு சில்லுதான். கூரையில் கம்பித்தட்டு அடித்து மூட்டை ஏற்றினால் பாரம் மேலே போய், மஹய்யாவ போன்ற மேடுபள்ளமான இடத்தில் வளைவில் கவிழும். பழைய ஹெட்லைட்டுக்குள் கடும் வெளிச்ச எல்.ஈ.டி. பல்ப் போட்டால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண் கூசும். அவர் உங்கள் மீதே மோதலாம். பாட்டுப் பெட்டிக்கு பியூஸ் இல்லாமல் வயர் இழுத்தால் அது சூடேறித் தீப்பிடிக்கலாம். பக்கத் திரையும் ஸ்டிக்கரும் கண்ணாடியை மறைத்தால் பின்னால் வரும் பஸ் தெரியாது. காசு செலவழிப்பதானால் பிரேக், டயர், வைப்பர் ஆகியவற்றுக்குச் செலவழியுங்கள். இவற்றைச் சரியாக வைத்திருக்க எவருடைய அனுமதியும் தேவையில்லை.

கடைசியாக, யுத்தத்தில் கால் இழந்த சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மாற்றியமைத்த வாகனம் உங்களுக்கு ஆடம்பரம் அல்ல, அதுதான் உங்கள் கால். வலது கால் இல்லாதவர் ஒட்டோமெட்டிக் காரில் அக்சிலரேட்டரை இடது பக்கம் வைத்து ஓட்டலாம். இரு கால்களும் இயலாதவருக்குக் கையால் இயக்கும் பிரேக்கும் அக்சிலரேட்டரும் உண்டு. ஸ்கூட்டருக்குப் பக்கச் சில்லு பூட்டினால் அது சாதாரண ஸ்கூட்டர் போல வளைவில் சாயாது என்பதை நினைவில் வையுங்கள். வேகத்தைக் குறைத்தே திருப்ப வேண்டும். வெறும் மைதானத்தில் சில நாள் பழகிய பின்னரே வீதிக்கு வாருங்கள். பக்கச் சில்லின் ஒட்டுவேலையை அனுபவமுள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் வைத்தியச் சான்றிதழ் பெறப் போகும்போது உங்கள் நிலையை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்துப் பெற்ற அனுமதிப்பத்திரம் விபத்து நாளில் உங்களுக்கு எதிராகவே பேசும்.

அன்று மண்ணெண்ணெய் காரை ஓட்டிய எங்கள் ஆட்களுக்குத் துணிவு மட்டுமே துணை. இன்று துணிவோடு ஒரு காகிதமும் சேர்ந்தால், உங்கள் உழைப்பை யாரும் நான்கு மாதம் கராஜில் நிறுத்தி வைக்க முடியாது. இன்றே உங்கள் வண்டியின் எஞ்சின் இலக்கத்தைப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்துத் தெளிவில்லையென்றால் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.